பதில்: சோக் எடுத்ததும் அணைந்துவிடும் பழைய பிரஷ் கட்டர்

பத்து வருடம் சும்மா கிடந்த உங்கள் பிரஷ் கட்டர் (புல், புதர் வெட்டும் இயந்திரம்) சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் மூடி) போட்டால் ஓடி, எடுத்ததும் அணைகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. பிளக்கை மாற்றிப் பயனில்லை. கரண்ட் வருவதால்தான் சோக்கில் ஓடுகிறது.

இப்படிக் கிடந்த வண்டியில் பெரும்பாலும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) டயாஃப்ரம்தான், அதாவது உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வுதான், விறைத்திருக்கும். இப்போது பங்கில் கிடைக்கும் இ-20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது.

கழற்றும் முன் பிரைமர் பல்பை (பெட்ரோலை இழுக்க அழுத்தும் சிறு குமிழ்) அழுத்திக்கொண்டே பெட்ரோல் டியூபைப் பாருங்கள். குமிழி நிற்காமல் வந்தால் டியூபில் விரிசல். டேங்க் ஓட்டைக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். குமிழி இல்லாவிட்டால் கார்புரேட்டரின் மீட்டரிங் பக்க (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் பக்கம்) மூடியைத் திறங்கள். டயாஃப்ரம் துணிபோல் துவள வேண்டும். தொட்டால் சடசடவென்றால் ரிப்பேர் கிட் போடுங்கள். அந்தப் பக்கம் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) முதலில், அதன்மேல் டயாஃப்ரம். இதை மாற்றிப் போட்டுவிட்டு கிட்டைத் திட்டுபவர்கள்தான் அதிகம். கார்புரேட்டர் கிளீனர் அடிப்பதானால் ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடியுங்கள். டேங்க் ஃபில்டரையும் கையோடு மாற்றிவிடலாம்.

கிட் போட்டும் அதே கதையென்றால் கார்புரேட்டர் கேஸ்கெட்டிலோ கிராங்க் ஆயில் சீலிலோ (இன்ஜின் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) காற்று இழுக்கிறது.

அதுவரை பாதி சோக்கில் வைத்து வேலை பார்க்காதீர்கள். பெட்ரோலில்தான் ஆயில் கலந்திருக்கிறது; பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துவிடும். பெட்ரோல்-ஆயில் விகிதம் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில், 25:1 என்றால் 40. உங்கள் மாடலுக்கு எது என்பது பெரும்பாலும் டேங்க் மூடியிலேயே இருக்கும்.