எந்த ரகம் என்று பார்த்து என்ன ஆகப்போகிறது? (கடிதம்)

வணக்கம். உடலுறவால் தொற்றும் கிளமிடியா கிருமியை மரபணு அடையாளம் வைத்து ரகம் பிரிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எல்லா ரகத்துக்கும் மாத்திரை ஒன்றுதானே, அப்புறம் எதற்கு இந்த வேலை? யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கண்டுபிடிக்கவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாத்திரை ஒன்றுதான், நாள்கணக்கு வேறு. டி முதல் கே வரையிலான ரகங்களுக்கு டாக்சிசைக்ளின் 7 நாள். தொடை இடுக்கில் நெறி கட்ட வைக்கும் எல் ரகங்களுக்கு 21 நாள்.

ஆனால் உங்கள் கேள்விக்குச் சரியான பதில் சுவீடனில் இருக்கிறது. 2006இல் அங்கே ஹாலாண்ட் மாவட்டத்தில் கிளமிடியா எண்ணிக்கை சுமார் 25 சதவீதம் இறங்கியது. நோய் குறைந்துவிட்டது என்று விட்டுவிடாமல் ஆய்வகத்தார் தோண்டிப் பார்த்தார்கள். இந்தக் கிருமிக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் உண்டு. சுமார் 7,500 டிஎன்ஏ எழுத்து நீளம். ஒரே கிருமியில் அதன் பல நகல்கள் இருப்பதால் தேடிப் பிடிப்பது சுலபம். கிருமியின் டிஎன்ஏவைத் தேடிப் பிடிக்கும் பிசிஆர் பரிசோதனைக்கு கிட் செய்த இரண்டு பெரிய நிறுவனங்கள் அந்த வளையத்தில் ஒரே பகுதியைத்தான் குறிவைத்திருந்தன. அங்கே பரவியிருந்த ஒரு புதிய ரகத்தில் சரியாக அந்த இடத்தில் 377 எழுத்துகள் இல்லை! கிருமி பரவிக்கொண்டே இருக்க, ரிப்போர்ட் நெகட்டிவ் என்றது. வேறு கிட் வைத்திருந்த மாவட்டங்களில் அது பிடிபட்டதால் இந்த ரகம் குறைவாகவே இருந்தது.

அந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பிய பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது. கிளமிடியா பெரும்பாலும் அறிகுறி காட்டாது. கருக்குழாயில் தழும்பு விழுந்திருப்பது குழந்தை தங்காதபோதுதான் தெரியவரும்.

அப்புறம் கிட்டுகளை இரண்டு இடங்களைப் பார்க்கும்படி மாற்றினார்கள். 2019இல் பின்லாந்தில் இன்னொரு கிட் ஏமாந்தது. அங்கே மாறியிருந்தது ஒரே ஒரு எழுத்து.

யாரிடமிருந்து யாருக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். வழக்கமாக ரகம் பிரிக்கப் படிப்பது ஓஎம்பி-ஏ என்ற மரபணுவை. அதன்படி சுவீடன் கிருமி 'இ' ரகம். உலகில் அதிகம் காணப்படுவதும் அதுதான். இருவருக்கும் 'இ' என்று வந்தால், இரண்டு பேருக்கும் பெயர் முருகன் என்பது மாதிரி. அதை வைத்து உறவு சொல்ல முடியாது. மாறக்கூடிய வேறு இடங்களையும் சேர்த்துப் படித்தபோதுதான், பல ஊர்களில் எடுத்த புதிய ரகக் கிருமிகள் ஒரே மூலத்திலிருந்து அண்மையில் கிளம்பியவை என்று தெரிந்தது. அப்போதும் கணவன் மனைவியில் யாருக்கு முதலில் வந்தது என்று அது சொல்லாது. தயவுசெய்து ரிப்போர்ட்டை வைத்து யாரும் வீட்டில் பஞ்சாயத்து கூட்ட வேண்டாம். இருவரும் ஒரே சமயத்தில் மாத்திரை சாப்பிட்டு முடியுங்கள், அதுவரை சேராமல் இருங்கள்.