வேப்பெண்ணெய் தண்ணீரில் கரையாது, வேப்பமுத்துக் கரைசல் மட்டும் எப்படி?

கேள்வி இதுதான்: கருப்பட்டி கரைகிறது, வேப்பெண்ணெய் மிதக்கிறது. பிறகு வேப்பமுத்தை இடித்து வெறும் தண்ணீரில் ஊறப்போட்டால் மருந்து எப்படி இறங்குகிறது?

எண்ணெயும் மருந்தும் வேறு வேறு சரக்கு. தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்வது ஆக்சிஜன், நைட்ரஜன் உள்ள இடங்கள்தான். கார்பன் சங்கிலி ஒட்டாது. ஒரு ஓஎச் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணை) நாலைந்து கார்பனை இழுத்துக்கொண்டு போகும், அதற்கு மேல் முடியாது. 2 கார்பன் எத்தனால் எவ்வளவு ஊற்றினாலும் கலக்கும். 4 கார்பன் பியூட்டனால் 100 மில்லியில் 7–8 கிராம், 6 கார்பன் ஹெக்சனால் 0.6 கிராம் அளவே. கருப்பட்டியின் சுக்ரோஸில் 12 கார்பனுக்கு 8 ஓஎச் இருப்பதால் 100 மில்லியில் 200 கிராம் வரை கரைகிறது. கற்பூரத்தில் 10 கார்பனுக்கு ஒரே ஆக்சிஜன், அதுதான் 0.12 கிராமோடு நின்றுவிடுகிறது.

எண்ணெயின் கொழுப்பு மூலக்கூறில் ஐம்பதுக்கு மேல் கார்பன், ஆக்சிஜன் ஆறே ஆறு. வேப்பமுத்தில் பூச்சிக்கு மருந்தாகும் அசாடிராக்டினில் 35 கார்பனுக்கு 16 ஆக்சிஜன். அதனால் லிட்டருக்கு கால் கிராம் அளவு கரையும். அதிகமில்லைதான், ஆனால் பூச்சிக்குப் போதும்.

5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து 10 லிட்டரில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். அந்த 10 லிட்டர் தாங்குவது இரண்டரை கிராம்தான். எனவே ஒரே பிழியலில் சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். பால்போல் வருவது நிற்கும்வரை தண்ணீர் ஊற்றி ஊற்றி அலசிப் பிழிந்து, மொத்தம் 100 லிட்டராக்குங்கள். அவசரத்துக்குச் சுடுதண்ணீர் வேண்டாம், மருந்து சிதையும். வெயிலிலும் சிதையும் என்பதால் சாயங்காலம் அடிப்பதே நல்லது.

எண்ணெயே அடிப்பதென்றால் அது கரைசல் அல்ல, பால்மம்; எண்ணெய் பொடித்துளிகளாகத் தண்ணீரில் பரவி நிற்கும் கலவை. 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி எண்ணெய், 50 கிராம் காதி சோப்பு. சோப்பைச் சீவி அரை லிட்டர் தண்ணீரில் முதலில் கரைத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு வெள்ளையாகும்வரை அடித்து, பிறகே மீதித் தண்ணீர். வரிசை மாறினால் எண்ணெய் மேலே நிற்கும். டேங்கில் உறிஞ்சுவது அடியிலிருந்து. முதலில் வெறும் தண்ணீர் போகும், கடைசி வரிசைச் செடிக்குத் தனி எண்ணெய் விழுந்து இலை கருகும்.

தாமிரபரணி வாய்க்கால் தண்ணீரில் இது சிரமமில்லை. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புப் போர்வெல் தண்ணீரில் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகி, நாசிலை அடைக்கும். அங்கே சோப்பை விட்டுவிட்டு டீப்பால் போன்ற டிடர்ஜென்ட் திரவம் சேருங்கள். எதுவானாலும் கலந்ததில் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அரைமணி நேரம் வையுங்கள். கழுத்தில் எண்ணெய் வளையம் கட்டினால் அந்தக் கலவையை அடிக்காதீர்கள்.