லூத்தர் இல்லாத விட்டன்பர்க்

கே: கிறிஸ்தவச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் ஊரில் இல்லாதபோது ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் தேவாலயச் சிலைகளை உடைத்தார்களாமே, ஏன்? எப்படி அடங்கியது?

ப: 1521 மே முதல் லூத்தர் வார்ட்பர்க் கோட்டையில் தலைமறைவாக இருந்தார். அவர் எழுத்தைப் படித்துச் சூடேறியிருந்த ஊரில், எதை முதலில் மாற்றுவது, எதற்குக் காத்திருப்பது என்று சொல்ல ஆளில்லை. லூத்தரின் சக பேராசிரியர் மெலாங்க்தன் பேரறிஞர்தான், கூட்டத்தை நிறுத்தக்கூடியவர் அல்லர்.

டிசம்பர் தொடக்கத்தில் மாணவர்களும் நகரத்தாரும் கத்தியோடு ஆலயத்துக்குள் புகுந்து திருப்பலியைத் தடுத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று இன்னொரு பேராசிரியரான கார்ல்ஷ்டாட் குருக்களுக்குரிய திருவுடை அணியாமல் வழிபாடு நடத்தி, மக்களுக்கு அப்பத்தோடு, அதுவரை குருக்கள் மட்டுமே அருந்திய திராட்சை இரசமும் கொடுத்தார். ஆலயப் படங்களும் சிலைகளும் விக்கிரக வணக்கம் என்ற எண்ணத்தில், ஜனவரியில் லூத்தரின் சொந்த அகஸ்தீனிய மடத்துத் துறவிகளே படங்களை எரித்தார்கள். 1522 ஜனவரி 24 அன்று நகரமன்றம் போட்ட சட்டம் சிலைகளை அகற்றச் சொன்னது. தவறு இங்கேதான் முற்றியது: மன்றம் முறையாகச் செய்யும்வரை பொறுக்காமல் கூட்டம் தானே உடைக்க இறங்கியது. ஏழைகளுக்குப் பொது நிதி என்று அதே சட்டத்தில் இருந்த அருமையான ஏற்பாடு இந்த ஆரவாரத்தில் மறைந்துபோனது பெரிய வருத்தம்.

அந்தப் பகுதியை ஆண்ட இளவரசர் ஃபிரெடரிக் வர வேண்டாம் என்றும் கேளாமல் லூத்தர் மார்ச் 6 அன்று திரும்பினார். 9ஆம் தேதி முதல் தொடர்ந்து எட்டு நாள் பிரசங்கம். மாற்றங்கள் தவறென்று அவர் சொல்லவில்லை. விசுவாசத்தில் பலவீனமானவர்களை வற்புறுத்தியதே தவறு என்றார். ஊர் அடங்கியது. திருவுடையும் இலத்தீன் வழிபாடும் திரும்பின. கார்ல்ஷ்டாட்டுக்குப் பிரசங்கத் தடை விழுந்தது.