பாதி லாரி, பாதி மனுஷன்: வாசகர் கேள்வி-பதில்

அரையாண்டு லீவு முடிந்ததும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சாமானைப் பற்றித்தான்: காராகவும் லாரியாகவும் மாறுகிற ரோபோ பொம்மை. அதனால் குக்கர் கேஸ்கட்டும் வாட்டர் ஃபில்டரும் அடுத்த முறைவரை காத்திருக்கட்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களைத் திட்டியிருந்த வரிகளையும் எடுத்துவிட்டேன். எல்லாம் நியாயமான திட்டுதான், இருந்தாலும்.

கேள்வி: எங்கள் ஏரியாக் கடையில் 450 ரூபாய்க்கு ரோபோ கார் வாங்கினேன். என் ஆறு வயது மகன் முதல் தடவை அதன் கையைத் தூக்கியதுமே தோளோடு கழன்று வந்துவிட்டது. மறுநாள் கொண்டுபோனால், "பிள்ளை உடைச்சதுக்கு நாங்க என்னம்மா பண்றது? விற்ற பொருள் வாபஸ் கிடையாது, பில்லுலயே போட்டிருக்கே" என்கிறார்கள். பையன் இரண்டு நாளாக அந்தக் கையை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறான்.
— ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: அந்தக் கையைப் பத்திரமாக வாங்கி வையுங்கள் அம்மா, அதுதான் உங்கள் சாட்சி. கை தூக்குவதற்கென்றே செய்த பொம்மை அது. தூக்கியதும் கழன்றால் செய்தவன் மேல்தான் தப்பு, பிள்ளை மேல் இல்லை.

பில்லில் அச்சடித்திருப்பது கடைக்காரரின் ஆசை. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது நியாயமற்ற வணிக முறை. பில்லில் இத்தனை நாள் என்று கெடு போடாவிட்டால் 30 நாள் வரை கேட்கலாம். கழன்ற தோளைக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள், பில்லையும் சேர்த்து எடுங்கள், இன்னொரு தடவை கடைக்குப் போய் நிதானமாகக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே என்றால் வட சென்னைக்கென்று தனியாகவே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் வைக்க வேண்டாம். 450 ரூபாய்க்கு இவ்வளவு அலையணுமா என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் பில்லில் அப்படி அச்சடிக்கிறார்கள்.

கேள்வி: பர்மா பஜாரில் "ஜப்பான் ஒரிஜினல், கப்பல் சரக்கு" என்று சொல்லி 600 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பெட்டியில் கம்பெனி பெயரில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஒரிஜினல்தானே?
— கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: இல்லை.

கேள்வி: அக்கா மகனுக்கு ஏழு வயசு. பிறந்தநாளுக்கு உருமாறும் ரோபோ கேட்கிறான். 350 ரூபாயிலும் இருக்கிறது, 2,500 ரூபாயிலும் இருக்கிறது. படத்தில் இரண்டுமே பிரமாதமாக இருக்கின்றன. எதை வைத்து நல்லது, கெட்டது என்று முடிவு செய்வது?
— ஒரு தாய்மாமன், ராயபுரம்

பதில்: தம்பி, இப்படி ஒருவர் வாங்குவதற்கு முன்னால் கேட்க மாட்டாரா என்று பல வருஷமாகக் காத்திருக்கிறேன். எல்லோரும் வாங்கிய பிறகுதான் எழுதுகிறார்கள். நானும் அப்படி வாங்கினவன்தான், அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

என் மகளுக்கு எட்டு வயது இருக்கும்போது, திருவொற்றியூர் மாசித் திருவிழாக் கூட்டத்தில், தேரடிப் பக்கம் ஒரு கடையில் சீல் வைத்த பெட்டியாக ஒன்று வாங்கினேன். சிவப்பு லாரி, பிரித்தால் ரோபோ. லாரியை ரோபோவாக்க ஒரு மணி நேரம் ஆனது. ரோபோவைத் திரும்ப லாரியாக்க ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்தேன். வழிகாட்டித் தாளில் நாலாவது படத்துக்கும் ஐந்தாவது படத்துக்கும் நடுவில் ஏதோ மாயம் நடந்திருக்கிறது, எனக்குப் பிடிபடவே இல்லை. மகள் எப்போதோ தூங்கிவிட்டாள். இன்றைக்கும் அது ஃப்ரிட்ஜ் மேல் பாதி லாரி, பாதி மனுஷனாக நிற்கிறது. ஊரிலிருந்து வந்த அத்தை அது என்ன சாமி என்று கேட்டார்.

அன்றைக்கு நான் பெட்டியில் இருந்த இரண்டு படத்தை மட்டும் பார்த்தேன்: ரோபோ நிற்கிற படம், லாரி ஓடுகிற படம். பிள்ளை விளையாடுவது இந்த இரண்டுக்கும் நடுவில். மாற்றுகிற நேரம்தான் விளையாட்டு. மாற்றத் தெரியாவிட்டாலோ, மாற்றினால் உடைந்துவிடும் என்று அப்பா பிடுங்கி வைத்துக்கொண்டாலோ, அது வெறும் சிலை.

ரோபோவாக நிற்கும்போது காரின் கதவு, பானெட், கூரை எல்லாம் எங்கே போகின்றன என்று பாருங்கள். நல்ல வடிவமைப்பில் பானெட் மார்பாகும், கதவு தோளாகும், பின்பக்கம் பிளந்து காலாகும். மட்டமானதில் உள்ளே ஒல்லியாக ஒரு மனுஷனைச் செய்து, காரின் மேலோட்டை அப்படியே அவன் முதுகில் மாட்டிவிடுவார்கள். பார்க்க ஸ்கூல் பை தூக்கின எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி இருக்கும். பாரம் முழுக்கப் பின்னால் போவதால் மல்லாக்க விழுந்துகொண்டே இருப்பான். அதனால்தான் பெட்டியில் முதுகைக் காட்ட மாட்டார்கள். காலுக்குப் பின்னால் குதிகால் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சின்னத் துண்டுதான், அது இருந்தால் நிற்பான்.

அடுத்தது மூட்டு. தோளையும் இடுப்பையும் மடக்கினால் 'டிக், டிக்' என்று பல் பல்லாக நின்றால் நல்லது, கனமான கையைத் தூக்கிப் பிடிக்கும். வெறும் பந்து மூட்டு எல்லாப் பக்கமும் திரும்பும், ஆனால் நாளாக ஆகத் தளரும். ஒன்று கவனியுங்கள்: ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் பந்து மூட்டு உடையாமல் கழன்றுகொள்ளும், திரும்ப அமுக்கினால் உட்கார்ந்துவிடும். பிள்ளை கையில் அது குறை இல்லை, புத்திசாலித்தனம். (தண்டையார்பேட்டை அம்மா குழம்ப வேண்டாம்; உங்கள் பையனின் ரோபோ கை திரும்ப மாட்டிக்கொள்கிறதா என்று ஒரு தடவை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். மாட்டாவிட்டால் நான் சொன்னபடி கிளம்புங்கள்.)

காராக மாற்றின பிறகு கூரையைப் பிடித்துத் தூக்குங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று முளையும் குழியுமாகப் பூட்டிக்கொண்டிருந்தால் காராகவே மேலே வரும். இல்லாவிட்டால் பலாச்சுளை மாதிரி பிரியும். தரையில் தள்ளிப் பாருங்கள், நாலு சக்கரமும் தரையைத் தொட வேண்டும். ரோபோவின் முட்டி கீழே உரசிக்கொண்டு ஓடாத கார்கள் நிறைய உண்டு. மாற்றுவதற்குச் சக்கரத்தையோ கையையோ கழற்றி மாட்டச் சொல்கிற பொம்மை வேண்டவே வேண்டாம், கழற்றிய துண்டு ஒரு வாரத்தில் பீரோவுக்கு அடியில் போய்விடும்.

எத்தனை படி என்று சில பெட்டிகளில் போட்டிருக்கும். ஏழு வயசுக்குப் பத்து, பதினைந்து படி போதும். முப்பது படி என்பது அலமாரியில் அடுக்கி வைக்கிற பெரியவர்களுக்கு. மூன்றாம் நாள் தாளைப் பார்க்காமல் பையனே மாற்ற முடிகிறதா? அதுதான் என் கணக்கு.

சரி, இதையெல்லாம் பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டுமே? என் ஆத்திரமே அங்கேதான். எம்.சி. ரோட்டில் ஒரு சேலை எடுக்கப் போனால் நாற்பதைப் பிரித்துப் போடுகிறார்கள், முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறார்கள், எதுவும் எடுக்காமல் வந்தாலும் "அடுத்த தடவை வாங்கக்கா" என்கிறார்கள். செருப்பைப் போட்டு நடந்து பார்க்கலாம். மிக்சியைச் சுற்றவிட்டுக் காட்டுகிறார்கள். இடுப்பு, முட்டி, கழுத்து என்று இருபது இடத்தில் அசைய வேண்டிய பொம்மையை மட்டும் கண்ணாடித்தாளுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டு வர வேண்டுமாம்! திறந்தால் விலை போகாது என்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றைப் பிரித்துக் கல்லாப் பக்கத்தில் வைக்கட்டும். கைக்கடிகாரக் கடையில் செய்கிறார்கள், செல்போன் கடையில் செய்கிறார்கள். இவர்களுக்கு மட்டும் என்ன? கேளுங்கள், பத்துக் கடையில் ஒருவர் திறந்து காட்டுவார். அவரிடமே வாங்குங்கள், ஐம்பது ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

விலையை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. வெளிநாட்டுச் சரக்குக்கு நீங்கள் கொடுக்கிற விலையில் மூட்டின் உறுதிக்குக் கொடுப்பது கொஞ்சம்தான். ஒரே மடக்கில் மாறுகிற 350 ரூபாய்ப் பொம்மை நாலு வயசுக்காரனுக்கு அருமை. உங்கள் மருமகனுக்கு ஒரே நாளில் சலித்துவிடும்.

கேள்வி: ஆன்லைனில் 'டீலக்ஸ்' ரோபோ ஆர்டர் செய்தேன். படத்தில் கட்டடத்தை விட உயரமாக இருந்தது. வந்தது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. ஏமாற்றிவிட்டார்கள்.
— வியாசர்பாடி வாசகர்

பதில்: படத்தில் கட்டடத்தைவிட உயரமாக இருந்ததா! லாரியில் வரும் என்று எதிர்பார்த்தீர்களா? நீங்களே அனுப்பிய விளம்பர நகலில் '14 செ.மீ.' என்று தெளிவாக இருக்கிறது. உருமாறும் ரோபோக்களில் டீலக்ஸ் என்பது ஓர் அளவின் பெயர், ஏறக்குறைய 14 செ.மீ. உயரம். வாயேஜர் என்பது அதைவிடப் பெரிது, லீடர் இன்னும் பெரிது. நம்ம ஊர் டீலக்ஸ் பஸ் மாதிரிதான், பெயரைப் பார்த்து ஏறக் கூடாது. வீட்டில் ஸ்கேல் இல்லையா?

கேள்வி: பொம்மைக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்கிறார்களே, உண்மையா? சௌகார்பேட்டையில் மொத்தமாக வாங்கி எங்கள் ஃபேன்சி ஸ்டோரில் விற்கிறோம்.
— பெரம்பூர் கடைக்காரர்

பதில்: உண்மை. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இறக்குமதிக்கும் அதே விதி. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 9873 என்றும், பேட்டரியில் ஓடுவது என்றால் ஐ.எஸ். 15644 என்றும் இருக்கும். கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டும். முத்திரையை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அச்சடிப்பது சுலபம். விற்பவரும் பொறுப்பு என்பதால் அடுத்த லோடு எடுக்கும் முன் பாருங்கள். கேட்டு எழுதினீர்களே, அதற்கே ஒரு கும்பிடு.

கேள்வி: பேரனுடைய ரோபோவுக்கு நெஞ்சில் லைட் எரியும். பேட்டரி மூடி அடிக்கடி திறந்துகொள்கிறது. செல்லோ டேப் ஒட்டியிருக்கிறேன், போதுமா? வீட்டில் ஒன்றரை வயதுப் பேத்தியும் இருக்கிறாள்.
— ஒரு பாட்டி, எண்ணூர்

பதில்: போதாது பாட்டியம்மா. இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்தப் பேட்டரிகளை எடுத்துவிடுங்கள். லைட் எரியாவிட்டால் எரியாமலே போகட்டும். பொத்தான் மாதிரி இருக்கிற அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கித் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல், விடியட்டும் என்று பார்க்காமல், உடனே ஸ்டான்லிக்கோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஸ்குரூ போட்டு மூடாத பேட்டரி அறை உள்ள பொம்மை, சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் வரவே கூடாது.

கேள்வி: முழங்கால் கீலில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. என் மனைவி தப்பாக மடக்கியதால்தானே?
— திருவொற்றியூர் வாசகர்

பதில்: பிளாஸ்டிக் தாங்க முடியாமல் வளைந்தால் அந்த இடம் வெளுக்கும், அடுத்தது விரிசல். மடக்கும்போது வேறு ஏதோ துண்டு குறுக்கே இடிக்கிறது. அதை முதலில் நகர்த்திவிட்டு மடக்குங்கள். மனைவியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் சின்ன வயசில் விளையாடின ரோபோ இன்னும் இருக்கிறது. கை கால் எல்லாம் தொளதொள. சரி பண்ண முடியுமா?
— கல்லூரி மாணவர், கொடுங்கையூர்

பதில்: முடியும். பந்து மூட்டு என்றால் மெதுவாகக் கழற்றி, பந்தின் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு பூசி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். இன்னும் தளர்ச்சி என்றால் இரண்டாவது பூச்சு. காயும் முன் மாட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஃபெவிக்விக் வேண்டாம், நான் அதை ஊற்றித்தான் என் லாரி மனுஷனின் இடது தோளை நிரந்தரமாக நிறுத்தினேன். ஸ்குரூ இருக்கிற மூட்டுக்கு சின்ன ஸ்குரூடிரைவரால் கால் சுற்று போதும்.

கேள்வி: போன மாதம் பாரிமுனைப் பக்கம் வாங்கின 1,800 ரூபாய் ரோபோவுக்கு ஒரு கால் குறைகிறது. பில் வாங்கவில்லை, பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று, கடை பெயரும் ஞாபகம் இல்லை. பணத்தைத் திரும்ப வாங்க வழி சொல்லவும்.
— வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: ஜிபேயில் கொடுத்தீர்களா என்று பாருங்கள், அதில் கடை பெயரும் தேதியும் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எனக்கு மறுபடி எழுத வேண்டாம்.