பாய்ப்படகில் தாமான் கயிற்றை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) கழியின் நடுவுக்கு மாற்றியபின் இழுக்க முடியவில்லை என்றவருக்கு

கப்பியில் கோளாறு இல்லை, கட்டிய இடம்தான் காரணம். 3 மீட்டர் பூம் கழியின் (பாயின் அடிப்பக்கக் கிடைக்கழி) நுனியில் இருந்த கயிற்றை நடுவுக்குக் கொண்டுவந்தால், அதே காற்றுக்கு ஏறத்தாழ இரு மடங்கு பலம் வேண்டும். கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், புரியும். இழுக்கும் பலத்தை 4 மடங்காக்கும் கப்பி போதாது, 8 மடங்காக்குவது தேவைப்படும்.

வாங்குமுன் ஒரு சோதனை. உவரியில் நங்கூரமிட்டு நிற்கும்போது, காற்றில்லாத காலையில், பாயை இறக்கிவிட்டுக் கயிற்றை இழுங்கள். அப்போதும் திக்கினால் உராய்வும் சேர்ந்திருக்கிறது. கப்பிகள் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

எனக்குக் கவலை கழியைப் பற்றித்தான். நுனியில் இழுக்கவென்று செய்த பழைய அலுமினியக் கழி நடுவில் வளையும், ஒடியவும் செய்யும். ஒரே வளையத்தில் மாட்டாமல் 2, 3 இடங்களில் பிரித்து மாட்டுங்கள். படகுத் தளத்தில் கப்பியைப் பொருத்த, அடியில் தகடு வைத்து போல்ட் போடுங்கள். வெறும் ஸ்குரு ஆடி மாதக் காற்றுக்கு நிற்காது, அண்ணாச்சி.