அம்மாவுக்கு ஷாக் அடிக்கிறதென்றால் ஏசி இரண்டாவதுதான்

கேள்வி: வணக்கம் சார். சங்கரன்கோவிலில் அப்பா 1991-ல் கட்டிய வீடு, ஒயரிங் இன்னும் மரச்சட்டத்தின் மேல்தான் ஓடுகிறது. சித்திரையில் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். அதற்குள் ஒயரிங்கை மாற்றி ஒரு ஏசி, ஒரு வாட்டர் ஹீட்டர் போட நினைக்கிறோம். தெரிந்த எலக்ட்ரீசியன் இரண்டே பேர். ஒருவர் சாமானோடு சேர்த்து 1,65,000 ரூபாய், ஒரு லட்சம் அட்வான்ஸ், பில் கிடையாது என்கிறார். இன்னொருவர் மனைவி வழியில் சொந்தம், கூலி மட்டும் 48,000, சாமான் நீங்களே வாங்குங்கள் என்கிறார். கையில் 40,000 இருக்கிறது. 3 லட்சம் எஃப்.டி. 7 சதவீதத்தில் கிடக்கிறது, முடிய 14 மாதம். 14 சதவீதத்தில் பர்சனல் லோன் தருகிறோம் என்று மொபைலில் வந்துகொண்டே இருக்கிறது, எடுக்கலாமா? மாதம் 10,000 ஒதுக்க முடியும். வாஷிங் மெஷினைத் தொட்டால் அம்மாவுக்கு லேசாக ஷாக் அடிக்கிறது, அதையும் இதோடு பார்த்துவிடலாம் என்று இருக்கிறோம்.

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதைத் தாண்டி மேலே போகவே முடியவில்லை. அது சித்திரை வரை காத்திருக்கிற வேலை இல்லை. இன்றைக்கே அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இந்த வாரமே எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சாதனம்) ஒன்று போடுங்கள். சாதனம் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் வரும். பழைய ஒயரிங்கில் அது அடிக்கடி ட்ரிப் ஆகலாம். உடனே "அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள், எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது. நாளைக்கு மூன்று பேஸுக்கு மாறினால் இந்த ஆர்.சி.சி.பி. வீணாகுமே என்றும் பார்க்காதீர்கள். அந்தப் பணம் போனால் போகட்டும்.

சரி, இனி பணக் கணக்கு. பர்சனல் லோன் வேண்டாம். சாமான், கூலி, சுவரை வெட்டிய இடத்தைப் பூசக் கொத்தனார், அப்புறம் பெயின்ட் (இந்த இரண்டையும் நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை) என்று 1,20,000 கடன் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 4,100, வட்டி மட்டும் ஏறக்குறைய 27,600, பிராசஸிங் கட்டணம் தனி. அதே தொகையை எஃப்.டி.யின் பேரில் கடனாக எடுத்தால் பெரும்பாலான வங்கிகளில் எஃப்.டி. வட்டியைவிட ஒரு சதவீதம்தான் கூடுதல். 8 சதவீதம் என்றே வைத்து, அசலில் மாதம் 10,000 கட்டி 12 மாதத்தில் முடித்தால் வட்டி 5,200 அளவில் நிற்கும், எஃப்.டி.யும் அது பாட்டுக்கு 7 சதவீதம் சம்பாதித்துக்கொண்டிருக்கும். எஃப்.டி.யை உடைத்தால் அபராதமாக வட்டியில் பிடிப்பார்கள், அதனால் உடைக்காதீர்கள். கையிலிருக்கும் 40,000-ஐயும் தொடாதீர்கள். வீட்டில் பிரசவம் வருகிறது.

ஆளைப் பற்றி: பில் இல்லை, ஒரு லட்சம் முன்பணம் என்பவரை விட்டுவிடுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசுவதற்குக்கூட உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு வேண்டாமா? நான் இரண்டாமவர் பக்கம்தான். ஆனால் சொந்தக்காரர் என்பதாலேயே இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, வேலை இழுத்துக்கொண்டே போனாலும் வாய் திறந்து கேட்க முடியாது. அதனால் முதல் நாளே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை பாயிண்ட், எந்த அறையில் என்ன, எப்போது எவ்வளவு. ஆரம்பத்தில் 10,000, பைப் பதித்து ஒயர் இழுத்ததும் 15,000, போர்டும் டிபி பாக்ஸும் (மெயினிலிருந்து அறைகளுக்கு லைனைப் பிரிக்கிற பெட்டி) முடிந்ததும் 15,000. மீதி 8,000, ஏசி, ஹீட்டர், மோட்டார் மூன்றையும் ஒன்றாக ஓட்டி ஒரு வாரம் பிரச்சினை இல்லாமல் போன பிறகு. கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு லைன் போனால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வரப்போகிறவர் அவர்தான்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் சாமான். அவரிடம் லிஸ்ட் வாங்கி, ராஜபாளையத்தில் ஒரு கடை, திருநெல்வேலியில் ஒரு கடை என்று விலை கேட்டு, ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள். ஒயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்க வேண்டும். ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர், ஹீட்டருக்கு 2.5-க்குக் குறையக் கூடாது. பிரிக்காத ஒயர் காயிலைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் முன்பே கேட்டுவிடுங்கள், 90 மீட்டர் காயில் ஒன்று மிஞ்சினாலே நல்ல தொகை. கழற்றுகிற பழைய ஒயர் செம்பாக இருந்தால் அதுவும் காசுதான். அது உங்களுக்கா, அவருக்கா, அவருக்கென்றால் கூலியில் எவ்வளவு கழியும் என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள்.

டிபி பாக்ஸ் வாங்குவதற்கு முன்னால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஒன்றரை டன் ஏசி 1,600 வாட், ஹீட்டர் 2,000, ஒரு எச்.பி. மோட்டார் 746 என்று கூட்டினாலே 4,300-ஐத் தாண்டுகிறது. உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு, கூடுதல் சுமைக்கு எழுதிக்கொடுக்க வேண்டுமா, மூன்று பேஸ் ஆகுமா என்பது தெரிந்தால்தான் எந்த பாக்ஸ், எந்த ஆர்.சி.சி.பி. என்றே முடிவாகும். சோதனை அறிக்கையில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்து கேட்டால், உங்கள் சொந்தக்காரரிடம் அந்த உரிமம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உரிமம் உள்ள ஒருவரைக் கூட்டிவந்து மெக்கர் (ஒயரில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லி, அவருக்கான பணத்தைத் தனியாகக் கொடுங்கள்.

பங்குனி பிறந்துவிட்டால் கோயில் கொடை, சீரியல் செட் என்று உங்கள் பக்கத்து எலக்ட்ரீசியன்கள் கையில் சிக்கமாட்டார்கள். மாசிக்குள் சுவர் வெட்டும் வேலையை முடித்துவிடுங்கள், குழந்தை வருகிற வீட்டில் அந்த சிமெண்ட் தூசியும் இருக்கக் கூடாது.