காசோலைப் புத்தகம் யாரிடம்?

கேள்வி: போரில் கணவரை இழந்த பெண்களுக்கு ஆடு, கோழி, தையல் இயந்திரம், சுழற்சிக் கடன் என உதவிவரும் சிறிய அமைப்பொன்றின் செயலாளராக இருக்கின்றேன். மீள்குடியேறிய கையோடு ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் இதனைத் தொடங்கினார். இன்றுவரை அவரே தலைவர். எழுபத்தெட்டு வயதாகிவிட்டது. அண்மையில் நெஞ்சுவலியால் அவர் இரண்டு கிழமை வைத்தியசாலையில் இருந்தபோது வங்கியிலிருந்து ஒரு ரூபாயைக்கூட எங்களால் எடுக்க முடியவில்லை. நாங்கள் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். பதவியை விடுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? மாவட்டச் செயலகத்தில் முறையிடலாம் என்கிறார் ஒருவர்.
- செயலாளர் ஒருவர், தருமபுரம்

பதில்: முறையிட வேண்டாம். தன்னார்வ சமூக சேவை நிறுவனங்களுக்கான இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் மோசடியையும் நிதிக் கையாடலையும் விசாரிக்க இடமளிக்கிறது. உங்கள் அதிபர் ஐயாவிடம் இருப்பது மோசடியல்ல, பழக்கம். பதவியிலிருந்து பேச்சைத் தொடங்கவும் வேண்டாம். காசோலை செல்லுபடியாக யார் யாருடைய கையெழுத்து வேண்டும், கனடாவிலும் இலண்டனிலும் இருந்து உதவுபவர்கள் யாருடைய தொலைபேசிக்கு அழைக்கிறார்கள் என்னும் இரண்டையும் முதலில் பாருங்கள். தலைமை அங்கேதான் இருக்கிறது.

சொந்தக் கதையொன்று சொல்கிறேன். நான் பொருளாளராக இருந்த சங்கத்தில் இரட்டைக் கையொப்பம் என்றுதான் வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். ஆனால், ஒவ்வொரு முறையும் அலைய வேண்டியிருக்கிறதே என்று, புதிய காசோலைப் புத்தகத்தின் தாள்கள் அனைத்திலும் முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். கணக்காய்வுக்கு வந்தவர் அந்தப் புத்தகத்தை மெதுவாகப் புரட்டி முடித்து, ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். உங்கள் பொருளாளரின் வெற்றுக் கையெழுத்தும் எங்கேனும் கிடக்கிறதா என்று பாருங்கள்.

மூவரின் பெயரைக் கொடுத்து, அவர்களில் எவரேனும் இருவர் ஒப்பமிட்டால் போதும் என்று நிர்வாகசபையில் தீர்மானம் எடுத்து, அதன் பிரதியை வங்கிக்குக் கொடுங்கள். ஐயாவுக்கு அலைச்சல் குறையும் என்று சொல்லியே இதைக் கேட்கலாம், அது உண்மையும்கூட. புலம்பெயர் உறவுகளோடு அவர் பேசும்போது அருகில் நீங்களும் பொருளாளரும் அமருங்கள். அடுத்த செலவறிக்கை உங்கள் ஒப்பத்தோடு போகட்டும்.

ஒருவர் திடீரென இல்லாமற்போனால் என்னவாகும் என்பதை வன்னி மண்ணில் வாழும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வவுனியாவில் மலையக மக்களைக் குடியேற்றிய காந்தீயம் என்னும் தொண்டு அமைப்பின் டேவிட் ஐயாவும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1983 ஏப்ரலில் கைதானார்கள். அவ்வாண்டு யூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அது வன்முறையால் நேர்ந்த இழப்பு, அவர்கள் பிழையல்ல. விரும்பி ஒதுங்கியவருக்கும் உதாரணம் உண்டு. 1972இல் வங்காளதேசத்தில் பிராக் (BRAC) என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கிய பஸ்லே ஹசன் அபேத், 2001இல் நிறைவேற்றுப் பணிப்பாளர் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, 2019இல் தாம் இறந்த ஆண்டுவரை சபைத் தலைவராக இருந்தார். முழுதாக விட்டுவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனாலும், வேறொருவர் நடத்துவதைப் பதினெட்டு ஆண்டுகள் அருகிருந்து பார்க்க அவருக்கு மனம் இருந்தது.

ஆகவே, வரும் பொதுக்கூட்டத்தில் ஐயாவைப் போசகராக்குங்கள், அதாவது கௌரவப் புரவலராக்குங்கள். ஆனால் போசகருக்குக் கையொப்ப அதிகாரம் இல்லை என்றும், தலைவரின் பதவிக்காலம் இத்தனை ஆண்டு என்றும் யாப்பில் எழுதுங்கள். இல்லையேல் மாலை போட்டதுதான் மிச்சமாகும்.

அடுத்த தலைவர் யார் என்பதில் நம்மவர்கள் உடனே இன்னொரு ஓய்வுபெற்ற அதிபரைத் தேடுவார்கள். உங்கள் சுழற்சிக் கடன் கொப்பியை எழுதுவது யார்? யார் தவணை தவறினார், யாருடைய ஆடு செத்தது என்பதெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் பெண்ணொருவர் நிச்சயம் இருப்பார். மூன்றாவது ஒப்பமாக அவருடைய பெயரைக் கொடுத்து, மாதிரிக் கையொப்பம் இடும் நாளில் ஐயாவே அவரை வங்கிக்கு அழைத்துச் சென்று முகாமையாளருக்கு அறிமுகப்படுத்தட்டும்.